பீட்டா ஹெச்.சி.ஜி. மெதுவாக ஏறுகிறதா? ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் புரிந்துகொள்வோம்

நாள் தள்ளிப்போகிறது. கார்டு டெஸ்டில் இரண்டு கோடு விழுகிறது. "மகள் உண்டாகியிருக்கிறாள்" என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். லேசாக இரத்தம் பட்டது என்பதாலோ, முன்பு ஒரு தடவை கரு கலைந்திருக்கிறது என்பதாலோ மருத்துவர் பீட்டா ஹெச்.சி.ஜி. என்ற இரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுக்கிறார். முதல் நாள் 186. இரண்டு நாள் கழித்து 260. "டபுள் ஆகலையே" என்று லேபில் ஒருவர் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான், வீடு அமைதியாகிவிடுகிறது. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் ரியாத்துக்கோ துபாய்க்கோ கணவருக்குப் போகிறது. அவர் அங்கே கூகுளில் தேடித் தேடி இன்னும் பயந்துபோகிறார்.

இந்த எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லாது, எப்போது காத்திருக்கலாம், எப்போது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதைக் குடும்பத்தில் எல்லோரும், குறிப்பாக ஆண்களும், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஹெச்.சி.ஜி. எங்கிருந்து வருகிறது?

கருவுற்ற முட்டை கருப்பையை அடைந்து அதன் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. முட்டை வெளியான நாளிலிருந்து கணக்கிட்டால் இது 6 முதல் 12 நாட்களுக்குள் நடக்கும். பெரும்பாலோருக்கு 8 முதல் 10 நாட்களில் நடந்துவிடும். ஒட்டிக்கொண்டதும், பிற்பாடு நஞ்சுக்கொடியாக மாறப்போகும் செல்கள் ஹெச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரந்து தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. "நான் வந்துவிட்டேன், மாதவிலக்கை நிறுத்து" என்று தாயின் உடலுக்குக் கரு அனுப்பும் தகவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தகவல் கிடைத்ததும் சினைப்பை புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தொடர்ந்து சுரக்கும். கருப்பையின் உட்சுவர் உதிராமல் நிற்கும். இரண்டு மாதம் கடந்ததும் நஞ்சுக்கொடி அந்த வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும்.

ஹெச்.சி.ஜி.யில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு பகுதிகள் உண்டு. ஆல்ஃபா பகுதி தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் போன்ற வேறு சிலவற்றிலும் அப்படியே இருக்கிறது. பீட்டா பகுதிதான் இதற்கே உரியது. அதனால்தான் பரிசோதனைக்குப் பீட்டா ஹெச்.சி.ஜி. என்று பெயர்.

பொதுவாக 5க்குக் கீழே இருந்தால் கர்ப்பம் இல்லை. 25க்கு மேல் இருந்தால் கர்ப்பம். இடையில் இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் வேகமாக ஏறி, 8 முதல் 11 வாரங்களில் உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகு தானாகவே இறங்கும். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு எண் குறைவது இயல்பானது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒரே ஒரு எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது

"அஞ்சு வாரம் ஆச்சு, 400தான் இருக்கு, குறைவா?" என்று கேட்பவர்கள் அதிகம். பரவலாகப் புழங்கும் அட்டவணை ஒன்றில் 5ஆம் வாரத்துக்கு 18 முதல் 7,340 வரை என்று போட்டிருக்கும். இவ்வளவு அகலமான கணக்கில் 400க்கு என்ன அர்த்தம் சொல்வது?

இன்னொரு விஷயம், வாரக் கணக்கே பல பேருக்குத் தவறாக இருக்கிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் வாரம் எண்ணுகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை சரியாக வருபவர்களுக்கு அது பொருந்தும். பி.சி.ஓ.டி. உள்ளவர்கள், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள், 40 நாள் 45 நாள் என்று தள்ளித் தள்ளி வருபவர்கள் ஆகியோருக்கு முட்டை வெளியாவதே தாமதமாகத்தான் நடந்திருக்கும். "ஆறு வாரம்" என்று எழுதியிருக்கும். உண்மையில் கருவுக்கு நாலரை வாரம்தான் ஆகியிருக்கும். இந்த விஷயத்தில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. கணவர் லீவில் எந்தத் தேதி வந்தார், எப்போது திரும்பினார் என்பது துல்லியமாகத் தெரியும். கூச்சப்படாமல் அந்தத் தேதிகளை மருத்துவரிடம் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடுவதுண்டு.

எனவே மருத்துவர்கள் பார்ப்பது ஒரு எண்ணை அல்ல. 48 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள ஏற்றத்தை.

"48 மணி நேரத்தில் இரண்டு மடங்கு" என்பது சட்டமா?

இல்லை. இது சராசரியைப் பற்றிய பேச்சு, வாய்வழியாகப் பரவி விதிபோல ஆகிவிட்டது. சராசரிக்குக் கீழே உள்ளதெல்லாம் கோளாறு என்று எடுத்துக்கொண்டால் நல்ல கர்ப்பங்களில் பாதி கோளாறாகத்தான் தெரியும்.

1981இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இரண்டு நாளில் குறைந்தது 66 சதவீதம் ஏற வேண்டும் என்றது. அது வெறும் 20 பெண்களை வைத்துச் செய்தது. ஆனாலும் பல ஆண்டுகள் அந்த எண்தான் மருத்துவமனைகளில் கோலோச்சியது. 2004இல், நல்லபடியாகத் தொடர்ந்த 287 கர்ப்பங்களை ஆராய்ந்தபோது, மெதுவாக ஏறியவர்களுக்கு இரண்டு நாளில் 53 சதவீதம் அளவுக்கே ஏறியிருந்தது தெரிந்தது. அதன் பிறகு 2016இல் வந்த ஆய்வு இன்னொன்றையும் தெளிவாக்கியது. தொடக்க எண் பெரிதாக இருந்தால் ஏற்றத்தின் வேகம் தானாகவே குறையும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2018 வழிகாட்டுதலில் இதைத்தான் ஏற்றுக்கொண்டது. அதன்படி 48 மணி நேரத்தில் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச ஏற்றம்: முதல் எண் 1,500க்குக் கீழே இருந்தால் 49 சதவீதம், 1,500 முதல் 3,000 வரை இருந்தால் 40 சதவீதம், 3,000க்கு மேல் இருந்தால் 33 சதவீதம். 6,000ஐத் தாண்டிவிட்டால் இரண்டு மடங்காக நான்கு நாட்களுக்கு மேலும் ஆகலாம்.

பிரிட்டனின் வழிகாட்டுதலில் 63 சதவீதம் என்று இருக்கிறது. இரண்டும் முரண் அல்ல. அவர்கள் சொல்வது, 63க்கு மேல் ஏறினால் கருப்பைக்குள் வளரும் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம், பாதிக்கும் மேல் இறங்கினால் அந்தக் கர்ப்பம் தொடர வாய்ப்பு குறைவு, இரண்டுக்கும் இடையில் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும் என்பது. இந்தக் கடைசிப் பகுதி முக்கியமானது. "இடையில் இருக்கிறது" என்றால் வீட்டில் படுத்து ஓய்வெடுங்கள் என்று அர்த்தமல்ல, மருத்துவரைப் பாருங்கள் என்று அர்த்தம்.

கணக்குப் போடும் முறை எளிது. இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழியுங்கள். வந்ததை முதல் எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். மேலே சொன்ன 186, 260இல் வித்தியாசம் 74. ஏற்றம் சுமார் 40 சதவீதம். தொடக்க எண் 1,500க்குக் கீழே இருப்பதால் இது எதிர்பார்ப்பதை விடக் குறைவுதான். அதே நேரத்தில் 3,400 என்பது 4,700 ஆனால் ஏற்றம் 38 சதவீதம். பார்க்கக் குறைவுபோலத் தெரிந்தாலும் அது இயல்பான வரம்புக்குள் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே சதவீதம், ஆனால் அர்த்தம் வேறு.

இடைவெளியையும் கவனியுங்கள். திங்கள் காலை 7 மணிக்கு ஒரு தடவை, புதன் மாலை 6 மணிக்கு ஒரு தடவை எடுத்தால் அது 48 மணி நேரம் அல்ல, 59 மணி நேரம். மூன்று நாள் கழித்து எடுத்த எண் சரியாக இரண்டு மடங்காக இருந்தால், 48 மணி நேரத்துக்கு அது 59 சதவீத ஏற்றம் ஆகிறது. நல்ல ஏற்றமே.

இரண்டு தடவையும் ஒரே லேபில் எடுப்பது நல்லது. வெவ்வேறு லேபில் வெவ்வேறு கருவிகள் இருக்கும். ஒரே இரத்தத்துக்கே எண் மாறி வரும். முடி, நகம் வளர என்று பயோட்டின் மாத்திரை அதிக அளவில் சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில கருவிகளில் அது முடிவைக் குழப்பி எண்ணைக் குறைத்துக் காட்டும். குழந்தைப்பேறு சிகிச்சையில் முட்டை வெடிக்க ஹெச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால் அந்த மருந்தே ஏறக்குறைய இரண்டு வாரம் வரை இரத்தத்தில் இருந்து பொய்யான பாசிட்டிவ் காட்டக்கூடும்.

கார்டில் கோடு மங்கலா, அடர்த்தியா என்று தினமும் பார்ப்பதில் பயனில்லை. அன்று குடித்த தண்ணீரைப் பொறுத்துக்கூட அது மாறும்.

மெதுவாக ஏறினால் என்ன காரணம்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, ஒன்றுமில்லை. சிலருக்கு ஆரம்பத்தில் சற்று மெதுவாக ஏறிப் பின்னர் வேகமெடுக்கும். இரட்டைக் கருவில் ஒன்று வளராமல் நின்றுபோய் மற்றொன்று நலமாக வளரும்போதும் ஏற்றம் மந்தமாகத் தெரியலாம். வரம்பை ஒட்டி வரும் ஏற்றத்தில் இதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் வரம்பை விட வெகுவாகக் குறைந்து 15, 20 சதவீதம் என்று வந்தால் நல்லபடியாகத் தொடர்வது அரிது. இதை மறைத்துச் சொல்வதில் யாருக்கும் நன்மையில்லை. "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, இப்ப பிள்ளைக்கு மூணு வயசு" என்று இணையத்தில் எழுதுபவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வேறு விதமாக முடிந்தவர்கள் பெரும்பாலும் எழுதுவதே இல்லை.

இரண்டாவது, கரு வளர்ச்சி நின்றுகொண்டிருக்கிறது. தெரிய வந்த கர்ப்பங்களில் 10 முதல் 20 சதவீதம் வரை கருச்சிதைவில் முடிகின்றன. ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அதாவது கரு உண்டாகும்போதே ஏற்பட்டுவிட்ட பிழை. மாமி வீட்டுக்குப் பஸ்ஸில் போனதோ, குடம் தூக்கியதோ, ஒரு துண்டு பப்பாளி தின்றதோ அல்ல. இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், கருவை இழந்த பெண்ணிடம் "நீ என்ன செஞ்சே?" என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அவள் ஏற்கெனவே தன்னைத்தானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது.

கருக்குழாயில் கர்ப்பம்: இதில் மட்டும் தாமதம் கூடாது

நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு கருப்பைக்கு வெளியே தங்கிவிடுகின்றன. அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் கருக்குழாயில். எக்டோபிக் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கருக்குழாய் கருப்பையைப் போல விரிந்து கொடுக்காது. கரு வளர வளரக் குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். வெளியே சில சொட்டுகள்தான் தெரியும். உள்ளே லிட்டர் கணக்கில் போயிருக்கும்.

ஹெச்.சி.ஜி. மெதுவாக ஏறும்போது மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுச் சோதிப்பதற்கு முதல் காரணம் இந்தப் பயம்தான். "சும்மா காசு பிடுங்குறாங்க" என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கருக்குழாய் கர்ப்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் எண் இயல்பான கர்ப்பம்போலவே நன்றாக ஏறும். ஆகவே "டபுள் ஆகிவிட்டது, இனிக் கவலையில்லை" என்பதும் சரியல்ல. எண் குறைவாக இருப்பதாலும் வெடிக்காது என்று நம்ப முடியாது.

அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, இரத்தக் கசிவு, தலைசுற்றல், மயக்கம், மலம் கழிக்க வேண்டும்போல் அடியில் அழுத்தம், தோள்பட்டை முனையில் வலி. இவை அபாய அறிகுறிகள். தோள்பட்டைக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். வயிற்றுக்குள் கசியும் இரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது அந்த வலி தோளில் தெரிகிறது. "வாயு பிடிச்சிருக்கு" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 108ஐ அழையுங்கள். இரத்த வங்கியும் அறுவை அரங்கும் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.

முன்பு கருக்குழாய் கர்ப்பம் வந்தவர்கள், கருக்குழாயில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், இடுப்புப் பகுதியில் நோய்த்தொற்று இருந்தவர்கள், சோதனைக் குழாய் முறையில் கருத்தரித்தவர்கள், காப்பர் டி இருக்கும்போதோ குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குப் பிறகோ கரு தரித்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். ஆனால் இவை எதுவுமே இல்லாதவர்களுக்கும் வருகிறது.

ஸ்கேன் எப்போது பேசும்?

ஐந்து வாரம் அளவில் உள்வழி ஸ்கேனில் கருப்பைக்குள் கருப்பை தெரியும் என்று சொன்னால் குழப்பமாக இருக்கும். கருவைச் சுற்றியுள்ள நீர்ப்பை, அதாவது சாக், தெரியும் என்று சொல்வோம். ஐந்தரை வாரத்தில் அதற்குள் யோக் சாக், ஆறு வாரம் அளவில் கருவும் இதயத் துடிப்பும் தெரியத் தொடங்கும். இதயத் துடிப்பு தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு ஹெச்.சி.ஜி.யை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஸ்கேன்தான் பேசும்.

எண் எவ்வளவு ஏறினால் சாக் கட்டாயம் தெரிய வேண்டும்? முன்பு 1,500 அல்லது 2,000 என்றார்கள். நல்ல கர்ப்பங்களைத் தவறாக முடித்துவிடக் கூடாது என்பதற்காக இப்போது 3,500 வரை பொறுக்கலாம் என்கிறார்கள். அதைத் தாண்டியும் கருப்பை காலியாக இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

ஸ்கேனிலும் எதுவும் தெரியவில்லை, எண்ணும் தெளிவாகச் சொல்லவில்லை என்றால் மருத்துவர்கள் அதை "இடம் தெரியாத கர்ப்பம்" என்பார்கள். இது நோயின் பெயர் அல்ல, இன்னும் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் சொல். இந்த இடத்தில்தான் குடும்பத்தார் அவசரப்படுவார்கள். "எப்படியும் நிக்காது, கிளீன் பண்ணிடுங்க" என்பார்கள். பெண்ணுக்கு வலியோ அதிக இரத்தப்போக்கோ இல்லாமல் நலமாக இருந்தால், மறுபடி 48 மணி நேரம் கழித்து இரத்தம், ஒரு வாரம் கழித்து ஸ்கேன் என்று பொறுத்துப் பார்ப்பதுதான் முறை. நல்ல கருவாக இருந்து அவசரத்தில் மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டுவிட்டால் அந்தக் கருவுக்குத் திரும்ப முடியாத கேடு.

கரு நின்றுவிட்டது என்று ஸ்கேனில் உறுதி செய்யவும் அளவுகள் உண்டு. கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து துடிப்பு இல்லை என்றால், அல்லது சாக் சராசரியாக 25 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து உள்ளே கரு இல்லை என்றால் உறுதி. அதற்குக் குறைவாக இருந்தால் இன்னொரு ஸ்கேன் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உள்வழி ஸ்கேன் என்றதும் நம் பெண்கள் தயங்குவது புரிகிறது. பெண் மருத்துவர் செய்வாரா என்று முன்கூட்டியே ஃபோனில் கேட்டுவிட்டுப் போகலாம். இந்த ஸ்கேனால் கரு கலையாது. ஆனால் வலியும் மயக்கமும் இருக்கும்போது பெண் மருத்துவர் வரட்டும் என்று காத்திருப்பது உயிரோடு விளையாடுவது.

எண்ணை ஏற்ற மருந்து உண்டா?

இல்லை. ஹெச்.சி.ஜி. கருவின் நிலையைக் காட்டும் அடையாளம். அடையாளத்தை மாற்றினால் நிலை மாறாது. ஹெச்.சி.ஜி. ஊசியே போட்டால் ரிப்போர்ட்டில் எண் ஏறும், கரு ஏறாது. அதோடு அடுத்த பரிசோதனையை நம்பவும் முடியாது.

புரோஜெஸ்டிரோன் மாத்திரை வேறு விஷயம். பிரிட்டனில் நாலாயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான பிரிஸம் ஆய்வில், முன்பு கருச்சிதைவு ஏற்பட்டு, இப்போது இரத்தக் கசிவும் உள்ள பெண்களுக்கு அது ஓரளவு பலன் தருவதாகத் தெரிந்தது. மெதுவாக ஏறும் எண்ணை அது வேகப்படுத்தும் என்று அல்ல. முழுநேரமும் படுத்தே கிடந்தால் கரு நிற்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும், மருத்துவர் நிறுத்தச் சொல்லாதவரை, விடாமல் சாப்பிடுங்கள்.

மார்க்கச் சந்தேகம் ஒன்று

கருக்குழாய் கர்ப்பம் என்று உறுதியான பிறகும் "இது கருக்கலைப்பு ஆகாதா, பாவமில்லையா?" என்று கையெழுத்துப் போடத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. குழாயில் உள்ள கருவை எடுத்துக் கருப்பையில் வைக்கும் வழி மருத்துவத்தில் இல்லை. அங்கேயே விட்டால் தாயின் உயிருக்கு ஆபத்து. இத்தகைய ஆரம்ப நிலையில், தாயின் உயிரைக் காக்கச் செய்யும் சிகிச்சைக்குத் தடையில்லை என்பதே மார்க்க அறிஞர்கள் பரவலாகச் சொல்லும் நிலைப்பாடு. இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால் உங்கள் ஊர் ஆலிமிடம் ஃபோன் போட்டுக் கேளுங்கள். அந்த ஃபோனை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போடுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு

மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டால் 4ஆம் நாளும் 7ஆம் நாளும் இரத்தம் எடுப்பார்கள். இந்த இரண்டுக்கும் இடையே எண் குறைந்தது 15 சதவீதம் இறங்க வேண்டும். முதல் நாலு நாளில் எண் கொஞ்சம் ஏறுவது உண்டு, அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அதன் பிறகு எண் முழுவதும் இறங்கும்வரை வாரம் ஒருமுறை பரிசோதனை தொடரும். அந்த நாட்களில் ஃபோலிக் ஆசிட் சாப்பிடக் கூடாது, அது மருந்தின் வேலையைக் கெடுக்கும். குறைந்தது மூன்று மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. கணவர் லீவில் வரும் நேரமாக இருந்தால் இதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கருச்சிதைவுக்குப் பிறகும் சில வாரங்கள் கார்டு டெஸ்டில் இரண்டு கோடு காட்டும். பழைய ஹார்மோன் இரத்தத்திலிருந்து வடிய நேரம் எடுப்பதால் வருவது அது. எண் இறங்காமல் அப்படியே நின்றாலோ, திரும்ப ஏறினாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

தாயின் இரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று 72 மணி நேரத்துக்குள் கேட்டுவிடுங்கள். துக்கத்தில் இது மறந்துபோகும் விஷயம்.

ஒருமுறை கருக்குழாயில் கர்ப்பம் வந்தவர், அடுத்த தடவை நாள் தள்ளிய உடனேயே மருத்துவரிடம் தெரிவித்து, 5 முதல் 6 வாரத்துக்குள் கருப்பைக்குள்தான் கரு இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும். பழைய ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்கள், ஆபரேஷன் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வைத்துக்கொண்டு அன்றைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.